பத்துக்குப் பத்து அறையில் 57 ஹெர்ட்ஸ்

1990களில் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த டெக்னோ இசைத்தட்டு ஒன்றை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இசை முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையே வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். அந்தக் காலத் தட்டுகள் பலவற்றில் அங்கே ஊசியால் கீறிய மூன்றெழுத்து தெரியும்: என்.எஸ்.சி. நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்ற சிறிய கூடத்தின் முத்திரை அது. கீறியவர் ரான் மர்ஃபி. அந்த இசையில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. டேப்பில் வந்த ஒலியை அரக்குத் தட்டில் பள்ளமாக வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த நகரத்து டெக்னோ உலகம் கேட்டது அவர் கை வழியாக வந்த ஒலியைத்தான்.

ஜெஃப் மில்ஸ் என்ற இசைஞருக்காக அவர் வெட்டிய பூட்டுப் பள்ளங்கள் பேர்பெற்றவை. வழக்கமான பள்ளம் சுருள் சுருளாக உள்நோக்கிப் போகும். பூட்டுப் பள்ளம் ஒரு சுற்று முடிந்ததும் தன் தொடக்கத்தையே வந்து தொடும். ஊசியை எடுக்கும்வரை அதே இசைத்துண்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அதற்குள் நான்கு பீட் பிசகாமல் அடங்க வேண்டுமானால் இசையின் வேகம் நிமிடத்துக்கு 133⅓ பீட்டாக இருந்தே ஆக வேண்டும். தட்டின் சுழற்சியே பாட்டின் வேகத்தைத் தீர்மானித்துவிட்டது. இசையமைப்பாளரின் விருப்பமும் பொருளின் இயற்பியலும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் அந்த இடத்துக்குப் பெயர்தான் மாஸ்டரிங்.

மர்ஃபி போன்றவர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை கண்முன்னே நடந்தது. அதிர்வெண் குறையக் குறைய, வெட்டும் ஊசி பக்கவாட்டில் ஆடும் தூரம் கூடும். பேஸை அப்படியே வெட்டினால் ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். ஆகவே பேஸைக் குறைத்து வெட்டி, தட்டு ஒலிக்கும்போது திரும்பக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு 1950களில் பொது விதியானது. ஸ்டீரியோவில் இன்னொரு சிக்கல் வந்தது. இரு பக்கமும் ஒன்றாக அசையும் ஒலி ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தும். இடமும் வலமும் எதிரெதிராக அசையும் ஒலி ஊசியை மேலும் கீழும் தூக்கும். கனமான பேஸ் அப்படி எதிரெதிராக இருந்தால் பள்ளம் ஆழமற்றுப்போய் ஊசி துள்ளி வெளியே விழும். அதனால் பேஸை நடுவில் வைத்தார்கள். இன்றும் நடன இசையில் பேஸ் நடுவில்தான் இருக்கிறது. ஊசி போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. அது தங்கியதற்கு வேறு நல்ல காரணங்களும் உண்டு என்பதைப் பிறகு பார்ப்போம்.

நியூயார்க்கின் டிஸ்கோ காலத்தில் நடந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பாட்டை நீட்டி மிக்ஸ் செய்வதில் தேர்ந்த டாம் மோல்டன் ஒருமுறை வெட்டும் கூடத்துக்குப் போனபோது 7 அங்குல வெற்றுத் தட்டு இல்லாததால் பெரிய தட்டில் வெட்டினார்கள். இடம் தாராளமாக இருந்தது. பள்ளங்களை அகல அகலமாக விட்டு, ஒலியை உரக்க வெட்ட முடிந்தது. கேட்டவர்களுக்கு வித்தியாசம் உடனே புரிந்தது. 1976-இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’ பாட்டை 12 அங்குலத் தட்டில் கடைகளுக்கே அனுப்பியது. நடன இசைக்கென்று ஒரு தட்டு பிறந்தது பேஸுக்கு இடம் தேடியதால்தான்.

இன்று மடிக்கணினியில் ஏபிள்டன் லைவோ எஃப்.எல். ஸ்டூடியோவோ வைத்துக்கொண்டு இசை செய்யத் தொடங்கும் ஒருவருக்கு வெட்டுக் கருவியும் இல்லை, அரக்குத் தட்டும் இல்லை. கடைசியில் கிடைப்பது ஒரு கோப்பு. எந்தப் பள்ளமும் எதையும் இடிக்காது. அதனால் இயற்பியல் விலகிப் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது மூன்று இடங்களில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது: அவர் உட்கார்ந்திருக்கும் அறையில், அவர் காதில், எண்களின் உச்சவரம்பில். புதியவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்குகிறார்கள். நான் முதலாவதில் தொடங்கச் சொல்வேன்.

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. டெக்னோ, ஹவுஸ் இசையில் கிக் டிரம்மின் அடிச்சுரம் பெரும்பாலும் 45 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். இதை ஒரு பத்தடி அறைக்குள் விட்டால் என்ன ஆகும்? எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.05 மீட்டர்தான். எந்த அதிர்வெண்ணின் அரை அலைநீளம் இந்தத் தூரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதோ, அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, தன் மேலேயே படிந்து, நகராத அலையாக நின்றுவிடும். 345-ஐ 6.1-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ் வருகிறது. கிக் குடியிருக்கும் அதே இடம்.

இந்த நிலை அலையில் ஒலியழுத்தம் அறை முழுக்க ஒரே அளவில் இருக்காது. சுவரோரம் உச்சம், நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். கணினியில் ஒரு 57 ஹெர்ட்ஸ் சைன் அலையை உண்டாக்கி, ஓரளவு நல்ல ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள். கதவோரம் நின்றால் நெஞ்சில் அதிர்வு தெரியும். நடுவுக்கு வர வர ஒலி தேய்ந்து, ஓரிடத்தில் யாரோ நிறுத்திவிட்டதுபோல ஆகும். ஒரு அடி தள்ளினால் திரும்ப வரும். உயரமும் அகலமும்கூடப் பத்தடியாக இருந்தால் மூன்று திசைகளின் நிலை அலைகளும் ஒரே அதிர்வெண்ணில் வந்து குவியும். கனசதுர அறைதான் இதில் மிக மோசம்.

இப்போது அந்த நடுப்புள்ளியில் நாற்காலியைப் போட்டு ஒருவர் இசை செய்கிறார். கிக் ஒல்லியாகக் கேட்கிறது. 57 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் கூட்டுகிறார். இன்னும் போதவில்லை, அறை அந்த அலையை அவர் காதருகே அணைத்துக்கொண்டே இருக்கிறதே. மேலும் கூட்டுகிறார். அந்தக் கோப்பு காருக்குள் போனதும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கி உறுமுகிறது. அவர் காதில் குறை இல்லை, ரசனையிலும் குறை இல்லை. அறை சொன்ன பொய்யை நம்பினார், அவ்வளவே.

சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல நுரைப்பஞ்சு இதற்கு மருந்தாகாது. முட்டை அட்டையும் ஆகாது. அவை உயர் அதிர்வெண்களின் எதிரொலியைக் கொஞ்சம் அடக்கும். ஏழு மீட்டர் அலைக்கு அவை இருப்பதே தெரியாது. மூலைகளில் கனிமக் கம்பளியைத் தடிமனாக அடுக்குவது உதவும். அதற்கு முன்னால் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதத் தூரத்தில் உட்காருவது ஒலிக்கூடக்காரர்களின் பழைய வழக்கம். எல்லா அறைக்கும் பொருந்தும் விதியாக அதை எடுக்க வேண்டாம். தேடத் தொடங்கும் இடமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஹெட்ஃபோனும் வேண்டும். அதில் அறை என்பதே கிடையாது என்பதால், பேஸைப் பற்றி இரண்டாவது சாட்சியாக அதை விசாரிக்கலாம்.

அடுத்து, காது. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் கேட்பதில்லை என்பதை வளைகோடுகளாக வரைந்தார்கள். மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் காது மிகக் கூர்மை. கீழே போகப் போக மந்தம். மெதுவான ஒலி அளவில் 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று 1,000 ஹெர்ட்ஸ் அலைக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் அதற்கு 30 டெசிபெலுக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஒலி பெரிதாக ஆக ஆக இந்த இடைவெளி சுருங்கும். பெரிய ஒலியில் 20 டெசிபெலை ஒட்டி வந்துவிடும். அதாவது வால்யூமைத் திருப்பினாலே பேஸ் தானாகக் கொழுக்கிறது. ராத்திரி உரக்க வைத்துக் கேட்டபோது பிரமாதமாக இருந்த இசை, காலையில் மெதுவாகக் கேட்கும்போது எலும்பும் தோலுமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஒலிக்கூடங்களில் வால்யூம் குமிழில் ஒரு குறி போட்டு எப்போதும் அதே அளவில் வேலை செய்கிறார்கள். வீட்டிலும் செய்யலாம்.

இதன் இன்னொரு பிள்ளை மேலும் ஆபத்தானது. ஒரே இசையை இரண்டு முறை போட்டு, இரண்டாவதை அரை டெசிபெலோ ஒரு டெசிபெலோ மட்டும் உயர்த்தினால், பெரும்பாலோர் ‘உரக்க இருக்கிறது’ என்று சொல்ல மாட்டார்கள். ‘தெளிவாக இருக்கிறது, உயிரோட்டம் இருக்கிறது’ என்பார்கள். மாஸ்டரிங்குக்கு என்று விற்கப்படும் மென்பொருள்கள் பலவும் போட்ட உடனே ஒலியைச் சற்று உயர்த்துகின்றன. ஆகவே எந்தக் கருவியைப் போட்டாலும், போட்டதற்கும் போடாததற்கும் ஒலி அளவைச் சமன்செய்து, பிறகே ஒப்பிட வேண்டும். புதியவர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்டால் இதைத்தான் கொடுப்பேன். இது வந்துவிட்டால் அவர் வரிசையில் வைத்திருக்கும் கருவிகளில் பாதி தானாகக் கழன்று விழும்.

மூன்றாவது, உச்சவரம்பு. டிஜிட்டல் ஒலியில் பூஜ்ய டெசிபெலுக்கு மேல் எண்ணே கிடையாது. சிடியின் 16 பிட்டில் 65,536 படிகள்; மேல் படியைத் தாண்டுகிற அலையின் தலை மட்டமாக வெட்டப்படும். இந்த வரம்புக்குள் கிக், பேஸ், சிந்த், குரல் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். காது பேஸுக்கு மந்தம் என்பதால் பேஸுக்குத்தான் மிகப் பெரிய வீச்சு தேவைப்படுகிறது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை போல அது முதலில் எடுத்துக்கொண்டது போக மிச்சமே மற்றவற்றுக்கு. கிக்கும் பேஸும் சம அளவில் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொட்டால் கூட்டுத்தொகை 6 டெசிபெல் உயரும். அதனால்தான் கிக் விழும் கணத்தில் பேஸைக் கீழே இறக்கும் சைட்செயின் உத்தி நடன இசையில் எங்கும் காணப்படுகிறது. எரிக் பிரிட்ஸின் ‘கால் ஆன் மீ’ வந்த 2004-க்குப் பிறகு அந்த மூச்சு வாங்கும் ஒலியே ஒரு பாணியாகிவிட்டது. அதன் அடியில் இருப்பது சாதாரணக் கூட்டல் கணக்கு.

மிச்சமிருக்கும் உச்சிகளை அமுக்கி மொத்த ஒலியை உயர்த்துவது லிமிட்டரின் வேலை. அதில் ‘ரிலீஸ்’ என்று ஒரு குமிழ் இருக்கும்: அமுக்கிய கை எவ்வளவு நேரத்தில் விடுவிக்க வேண்டும் என்பது. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை மேலே போய்க் கீழே வர 20 மில்லிவினாடி ஆகிறது. ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால், லிமிட்டர் ஒரே அலைக்குள்ளேயே அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கும். அப்போது அது அளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அலையின் வடிவத்தையே மாற்றுகிறது. வடிவம் மாறினால் முன்பு இல்லாத அதிர்வெண்கள் பிறக்கும். பேஸ் கரகரக்கும். மறுபக்கம், நிமிடத்துக்கு 128 பீட் ஓடும் இசையில் ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவே 469 மில்லிவினாடி. ரிலீஸ் அதைவிட மெதுவாக இருந்தால் முதல் கிக்கிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து அமுக்கிவிடும். பாட்டு முழுவதும் தலைகுனிந்தே நடக்கும். இருபதுக்கும் நானூற்று அறுபத்தொன்பதுக்கும் நடுவில், இசையின் வேகத்தையும் பேஸின் சுரத்தையும் பார்த்து ஓரிடம் பிடிக்க வேண்டும். மென்பொருளில் வரும் தயார் அமைப்புக்கு இந்த இரண்டு எண்களும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அலையின் தலையை வெட்டுவது எப்போதும் குற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் சைன் அலையின் மேலும் கீழும் சமமாக வெட்டினால் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் பிறக்கும். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை ஒலிக்கவே முடியாது. ஆனால் மேலே உள்ள மடங்குகள் ஓரளவு கேட்கும். அந்த வரிசையைக் கேட்ட மூளை, அடியில் இருக்க வேண்டிய சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இல்லாத அடிச்சுரம் காதில் விழுகிறது. அளவாகச் சேர்த்த கரகரப்பு பேஸைக் கைபேசிக்கும் கொண்டுபோகிறது என்பது எனக்கு இந்தத் துறையின் அழகான செய்திகளில் ஒன்று.

உரப்புக்கான போட்டி நெடுங்காலம் நடந்தது. 1994-இல் வேவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட எல்1 என்ற மென்பொருள் லிமிட்டர், வரப்போகும் உச்சியை முன்கூட்டியே பார்த்து அமுக்கியது. அதன் வழி வந்த கருவிகளால் சிடிகள் வருடத்துக்கு வருடம் உரத்துக்கொண்டே போயின. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் காதின் உணர்வையொட்டி உரப்பை அளக்கும் முறை ஒன்றைத் தரப்படுத்தியது. அதன் அலகைத்தான் இன்று லஃப்ஸ் என்கிறார்கள். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸுக்குக் கொண்டுவந்து ஒலிக்கிறது. நீங்கள் மைனஸ் 7-க்கு நசுக்கிக் கொடுத்தால் அது 7 டெசிபெல் குறைத்துவிடும். நசுங்கிய நசுங்கல் மட்டும் மிஞ்சும். டாஃப்ட் பங்க் 2013-இல் வெளியிட்ட ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ ஆல்பத்தை பாப் லட்விக் மாஸ்டர் செய்தார். உச்சிகளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்த அந்த ஒலி உலகம் முழுக்க நடனமாட வைத்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியும் அதற்குக் கிடைத்தது.

அதற்காக எல்லாரும் மைனஸ் 14-இல் நிறுத்துங்கள் என்று சொல்வது தவறான பாடம். கிளப்பில் டி.ஜே. போடும் கோப்பை யாரும் தானாகச் சமன்செய்வதில்லை. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது உங்களுடையது மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அவர் குமிழைத் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் டெக்னோ, ஹவுஸ் பாட்டுகள் பல மைனஸ் 9 முதல் மைனஸ் 6 வரைகூடப் போகின்றன. என் தீர்ப்பு இது: எண்ணைத் துரத்தாதீர்கள். ஒலி அளவைச் சமன்செய்து ஒப்பிட்டுக்கொண்டே லிமிட்டரை உயர்த்துங்கள். கிக்கின் முதல் அடி மழுங்கத் தொடங்கும் இடம் காதுக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு டெசிபெல் பின்வாங்கி நின்றுகொள்ளுங்கள். உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலில் வைப்பது நல்லது. ஸ்ட்ரீமிங்குக்காகக் கோப்பைச் சுருக்கும்போது அலை திரும்பக் கட்டப்படுகிறது. அப்போது உச்சிகள் எண்களுக்கு நடுவே கொஞ்சம் எழும்பும்.

பேஸ் நடுவில் இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு என்றேன். நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அலைநீளம் மனிதத் தலையைவிடப் பல மடங்கு பெரிது. திசையைக் கண்டுபிடிக்கக் காதுக்குப் பிடிமானமே இல்லை. மேலும் பல கிளப்களில் ஒலியமைப்பு மோனோதான். இடமும் வலமும் எதிரெதிராக அகட்டிய ஒலி அங்கே ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஹெட்ஃபோனில் வானம் முழுக்க விரிந்த சிந்த், அரங்கில் காணாமல் போகும். மாஸ்டர் சேனலில் மோனோ பொத்தான் ஒன்று வைத்து அடிக்கடி அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மாஸ்டரிங்கில் செய்ய வேண்டியது குறைவுதான். ஈக்வலைசரில் இரண்டு டெசிபெலுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் மிக்ஸுக்குத் திரும்பிப் போங்கள். கோளாறு அங்கே இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த, வெளிவந்த பாட்டுகள் இரண்டு மூன்றை ஒலி அளவு குறைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவை கடந்து வந்த அறைகள் உங்கள் அறையைவிட நல்லவை. தானியங்கி மாஸ்டரிங் சேவைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்தலாம்; உங்களுடையதைவிட அதில் பேஸ் குறைந்து வந்தால் அறையைச் சந்தேகிக்க அது ஒரு தடயம். இவை எல்லாவற்றையும்விட உதவுவது வேறொருவர் காது. மர்ஃபியிடம் இசைஞர்கள் போனது வெட்டும் கருவிக்காக மட்டும் இருக்காது. பழகிப்போகாத காதும் பழகிய அறையும் அங்கே சேர்ந்து கிடைத்தன. கைக்காசு அனுமதித்தால் ஒரு பாட்டையாவது தேர்ந்த மாஸ்டரிங் பொறியாளரிடம் கொடுத்து, அவர் என்ன மாற்றினார் என்று சமன்செய்து கேளுங்கள். அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

காதைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு 85 டெசிபெலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். நடன அரங்கில் ஒரு இரவு அதைப் பலமுறை தாண்டிவிடும். உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. புதிய மென்பொருள் வாங்கும் முன் ஒரு ஜோடி காதடைப்பான் வாங்குங்கள். கிளப்புக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப்போங்கள்.